பி.டி. மிஸ்ஸுக்கு சுகர்

மயிலாப்பூரில் ஒரு கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியில் நான் உடற்கல்வி ஆசிரியை. பிள்ளைகளுக்கு பி.டி. மிஸ். கல்லூரிக் காலத்தில் மாநில அணிக்காகக் கூடைப்பந்து ஆடியவள். அந்தக் கோப்பைகள் எங்கள் வீட்டுக் கூடத்து அலமாரியில் இன்னும் இருக்கின்றன. கீழ்த்தட்டில் இருப்பவற்றைத் துடைக்கக் குனிந்தால் மூச்சு வாங்கும். அதனால் மேல்தட்டில் உள்ளவை மட்டும் பளபளப்பாக இருக்கும்.

உடம்பு ஒரே நாளில் பெருத்துவிடவில்லை. மகள் பிறந்தபின் கொஞ்சம். முழங்கால் சவ்வு கிழிந்து ஓட்டத்தை நிறுத்தியபின் நிறைய. ஓட்டம் நின்றதே தவிர ஓடுகிறவளின் பசி நிற்கவில்லை. காலையில் ஆறு இட்லி சாப்பிட்டுப் பழகிய வயிறு அதே ஆறைக் கேட்டது. நானும் கொடுத்தேன். மைதானத்தில் ஓர் ஓரமாக நின்று கையைக் காட்டியும் குரல் கொடுத்தும் வேலையைச் சமாளித்துவிட முடிந்தது. பிள்ளைகள் ஓடினார்கள், நான் நின்றேன். டிராக் சூட் வாங்கும்போது கடைப்பையன், "அண்ணே, அக்காவுக்கு இதவிடப் பெரிசு இருக்கா பாரு!" என்று மாடிக்குக் கேட்கும்படி கத்துவான். நான் கேட்காத மாதிரி துண்டுகளைப் புரட்டிக்கொண்டிருப்பேன்.

ஒரு பொங்கலுக்கு முன்னால் ஷூ கடித்து வலது கட்டைவிரலில் புண் வந்தது. வாரக்கணக்கில் ஆறவில்லை. அடையாறில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். என்னைவிட வயதில் சின்னவர். புண்ணைப் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். மறுநாள் முடிவைப் பார்த்தபடியே கேட்டார்:

"என்ன வேலை பாக்குறீங்க?"

"டீச்சர்."

"என்ன சப்ஜெக்ட்?"

"சயின்ஸ்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசிக்கத் தேவையே இல்லை. எடை பார்க்கும் கருவியில் இருந்து அப்போதுதான் இறங்கியிருந்தேன். அதன் முள்ளை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்த அறையில் 'பி.டி.' என்ற சொல்லை என்னால் வாயில் எடுக்க முடியவில்லை.

"சர்க்கரை நல்லா ஏறியிருக்கு. மாத்திரை எழுதுறேன். சாப்பிடறதுக்கு முன்னாடி போடணும். போட்டுட்டுச் சாப்பிடாம இருக்கக் கூடாது, அது முக்கியம். எடையக் குறைக்கணும். சயின்ஸ் டீச்சர்தானே, உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்," என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

வீட்டில் கணவரிடம் மட்டும் சொன்னேன். இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை செய்கிறவர். எவ்வளவு சாப்பிட்டாலும் சதை போடாத உடம்பு. "இப்ப யாருக்குத்தான் சுகர் இல்ல?" என்றார். அது உண்மைதான். எங்கள் அடுக்குமாடியில் வீட்டுக்கு ஒருவர் மாத்திரை போடுகிறார். ஆனால் அவர்களில் யாரும் தினமும் காலை நானூறு பிள்ளைகள் முன் நின்று, "முதுகை நிமிர்த்து! தொப்பையை உள்ளே இழு!" என்று சொல்கிறவர்கள் இல்லை. பள்ளியில் சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்தேன். கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகளிடமும் சொல்லவில்லை. 'எங்க அம்மா ஸ்டேட் பிளேயர்' என்று தோழிகளிடம் பெருமை பேசுகிறவள் அவள்.

டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னார். எப்படி என்றும் சொன்னார். ஒரு உணவு ஆலோசகரைப் பார்க்கவும் சொன்னார். நான் போகவில்லை. எடை குறைப்பது எனக்குத் தெரியாதா? போட்டிகளுக்கு முன்னால் பட்டினி கிடந்து குறைத்தவள் ஆயிற்றே. இருபது வயது உடம்பில் செய்ததை நாற்பத்தேழு வயது உடம்பில், சர்க்கரை மாத்திரையோடு சேர்த்துச் செய்யக் கிளம்பினேன்.

காலையில் கேழ்வரகுக் கஞ்சி. அது சர்க்கரைக்கு நல்லது என்று எல்லாரும் சொல்கிறார்கள், ஆகவே பெரிய சொம்பு நிறைய. அது போதவில்லை, எடை இறங்கவில்லை என்றதும் கஞ்சியையும் விட்டேன். கறுப்புக் காபி மட்டும். மதியம் வெள்ளரிக்காய். பெசன்ட் நகர் கடற்கரையில் நடக்கப் போனால் யாராவது பெற்றோர் பார்த்துவிடுவார்கள் என்று, ஊரூர் குப்பத்துப் பக்கம், படகுகள் நிற்கிற மணலில் நடந்தேன். பி.டி. மிஸ் மூச்சிரைக்க நடப்பதை மீன் கூடைக்காரிகள் பார்த்தால் பரவாயில்லை. அவர்களுக்கு நான் யாரோ ஒரு குண்டு அம்மா.

சிக்கல் ஆசிரியைகள் அறையில்தான். எங்கள் மதிய உணவு ஒரு கூட்டுக் குடும்பம் மாதிரி. எல்லா டப்பாவும் நடுவில் வரும். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், யாராவது ஒருத்தியின் பிறந்தநாள் கேக். பல்வலி என்றேன், வயிறு சரியில்லை என்றேன். காரணங்கள் தீர்ந்துகொண்டிருந்த நேரத்தில், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பைத் தொடங்கிவைக்கும் சாம்பல் புதன் வந்தது.

தவக்காலம் எனக்கு இப்படி ஒரு உதவி செய்யும் என்று நான் நினைக்கவில்லை. ஈஸ்டர் வரை யாரும் எதையும் நீட்ட மாட்டார்கள். "ஒருசந்தி இருக்கேன்," என்றால் போதும். ஒருவேளை மட்டும் சாப்பிட்டு நோன்பிருப்பதை எங்கள் வீடுகளில் அப்படித்தான் சொல்வோம். மற்றவர்கள் வெள்ளிக்கிழமை மட்டும் இருந்தார்கள். நான் எல்லா நாளும் இருந்தேன். எடை இறங்கத் தொடங்கியது. இடையிடையே கை நடுங்கியது, வியர்த்தது, காரணமில்லாமல் கோபம் வந்தது. கொழுப்பு கரைகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் தலைமை ஆசிரியை ஒரு கன்னியாஸ்திரீ. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஒரு வெள்ளிக்கிழமை காலைக் கூட்டத்தில் அவர் பிள்ளைகளிடம் தவக்காலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று என் பக்கம் கையை நீட்டினார்.

"நம்ம பி.டி. மிஸ்ஸைப் பாருங்க. நாள் முழுக்க வெயில்ல நின்னுகிட்டு, ஒரு நாள் விடாம ஒருசந்தி இருக்காங்க. நீங்க ஒரு சாக்லேட்டை விட முடியலன்னு அழுறீங்க. எல்லாரும் மிஸ்ஸுக்குக் கை தட்டுங்க பாப்போம்."

நானூறு பிள்ளைகளும் கை தட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டு சிஸ்டர் இன்னும் பலமாகத் தட்டினார். என் காது மடல் வரை சூடேறியது. கடவுளுக்காக ஒரு பருக்கையைக்கூட நான் விடவில்லை. இடுப்புக்காக விட்டேன், அதையும் மறைப்பதற்காகக் கடவுளின் பெயரைச் சொன்னேன். அன்று மாலை கோயிலில் சிலுவைப்பாதை வழிபாட்டுக்குப் போகாமல் நேராக வீட்டுக்குப் போனேன்.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்னால் வரும் குருத்து ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை, காலையில் பிள்ளைகளுக்குப் பயிற்சி இருந்தது. மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். கறுப்புக் காபி குடித்தேன். வெயில் ஏறும்வரை மைதானத்தில் நின்றுவிட்டு, உடை மாற்றாமல் பஸ் ஏறி தி.நகர் போனேன். அடுத்து வரும் பெரிய வியாழன் அன்று மகள் வருகிறாள். ஈஸ்டருக்கு அவளுக்கு ஒரு சுடிதார் எடுக்க வேண்டும். போகிற வழியெல்லாம் பஜ்ஜி வாசனை. அதைத் தாண்டி நடந்ததில் ஒரு பெருமைகூட இருந்தது.

ரங்கநாதன் தெருவில் ஒரு துணிக்கடையின் இரண்டாவது மாடி. விற்பனைப் பெண் பொறுமையாக எடுத்துப்போட்டுக் கொண்டிருந்தாள். "எந்தக் கலர்ல பாக்கலாம்க்கா?" என்று கேட்டாள். எனக்கு மகளுக்குப் பிடித்த நிறம் தெரியும். அதன் பெயர் வாய்க்கு வரவில்லை. குளிரூட்டிய கடையில் முதுகில் வியர்வை ஓடியது. குழல் விளக்குகள் நீளமாக இழுபட்டன. அந்தப் பெண் மறுபடி ஏதோ கேட்டாள். அவள் என்னைக் கேலி செய்கிறாள் என்று தோன்றியது. துணிகளை இரண்டு கையாலும் தள்ளினேன். படி இறங்கியது நினைவிருக்கிறது. தெருவின் இரைச்சல் தண்ணீருக்கு அடியில் இருந்து வருவது போலக் கேட்டது நினைவிருக்கிறது. அதற்குமேல் இல்லை.

கண் விழித்தபோது ஆம்புலன்சில் இருந்தேன். கையில் ஊசி குத்திக் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நாக்கில் இனிப்பு ஒட்டியிருந்தது. "பேர் சொல்லுங்கம்மா. என்ன ஊரு?" என்று ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பெண் போலீஸ் என்னையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "சுகர் ரொம்ப இறங்கிப்போச்சு மேடம். அதான்," என்று அந்த ஆள் அவரிடம் சொன்னார். போலீஸ்காரம்மா நம்பாதவர் போலத் தலையாட்டினார்.

மருத்துவமனைக்குக் கணவர் வந்தார். மாலையில் ஆட்டோவில் வீட்டுக்கு வந்தோம். வீட்டில் அவரே ரசம் வைத்து, சாதத்தைப் பிசைந்து கொண்டுவந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தார். "இனிமே இப்படிப் பண்ணாத," என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் குருத்து ஞாயிறு. குருத்தோலையைப் பிடித்துக்கொண்டு பவனியில் நடந்தபோது இரண்டு மூன்று பேர் என்னைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினார்கள். முகம் வாடியிருக்கிறது, அதனால் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். மத்தியானம் மகள் போன் செய்தாள்.

"அம்மா, நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேன்டி. ஏன்?"

"வீட்ல எல்லாம் சரியா இருக்கா? அப்பாவுக்கும் உனக்கும் சண்டையா?"

"என்னடி கேக்குற?"

ஒரு சின்னக் குழந்தையிடம் பேசுவது போல மெதுவாகக் கேட்டாள்: "அம்மா, நீ குடிக்கிறியா?"

அவள் அப்படிக் கேட்கக் காரணம், தெருவில் யாரோ என்னை எடுத்த ஒரு வீடியோ. அவளுடைய பழைய பள்ளித் தோழி ஒருத்தி அனுப்பியிருந்தாள். மகளும் அவளும் நான் வேலை செய்கிற அதே பள்ளியில்தான் படித்தவர்கள். மகள் எனக்கு அனுப்பினாள். நானும் கணவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பார்த்தோம்.

ரங்கநாதன் தெருவில் கரும்புச்சாறு வண்டிக்குப் பக்கத்தில், ஒரு பருத்த பெண் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். டிராக் சூட் மேலேறி வயிறு தெரிகிறது. தலை ஒரு பக்கம் சாய்கிறது. வாய் கோணி ஏதோ உளறுகிறாள். யாரோ ஒரு பெண் குனிந்து கண்ணாடித் தம்ளரில் கரும்புச்சாற்றை அவள் வாயருகே கொண்டுபோகிறாள். இவள் அதை ஓங்கித் தட்டிவிடுகிறாள். சாறு அந்தப் பெண்ணின் புடவை முழுக்கத் தெறிக்கிறது. "தண்ணி போட்டுக்கினு இன்னா ஆட்டம் ஆடுது பாரு," என்று ஓர் ஆணின் குரல். சிரிப்பு. படம் பிடிக்கிறவன் சுற்றி வந்து முதுகைக் காட்டுகிறான். டிராக் சூட்டின் முதுகில் எங்கள் பள்ளியின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. கீழே, 'டீச்சர் ஃபுல் மப்பு' என்று எழுதி நான்கைந்து சிரிக்கும் முகங்கள்.

அந்த வயிற்றைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். குடிகாரி என்று சொன்னது பொய். அதை மறுக்கலாம். வயிறு பொய்யில்லை.

"ஆஸ்பத்திரியில அந்த போலீஸ்காரம்மா என்கிட்ட, 'வீட்ல குடிப்பாங்களா சார்'னு கேட்டாங்க," என்றார் கணவர், திரையில் இருந்து கண்ணை எடுக்காமல். "உன்கிட்ட சொல்ல வேணாம்னு பாத்தேன்."

மகளை அழைத்து, குடிக்கவில்லை, சர்க்கரை இறங்கிவிட்டது என்றேன். "உனக்கு சுகரா? எப்பலேருந்து?" என்றாள். சொன்னேன். "சரி, வியாழக்கிழமை வர்றேன்," என்று வைத்துவிட்டாள். கோபமா அழுகையா என்று குரலில் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை சிஸ்டர் கூப்பிட்டனுப்பினார். அறைக்கதவை அவரே எழுந்து சாத்தினார். எங்கள் இருவருக்கும் நடுவில் மேசையில் அவருடைய போன் குப்புறக் கிடந்தது.

"நான் கேக்க வேண்டியிருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க. பேரண்ட்ஸ் நேத்துலேருந்து போன் பண்ணிட்டே இருக்காங்க."

"குடிக்கல சிஸ்டர். எனக்கு சுகர். மாத்திரை போட்டுட்டுச் சாப்பிடாம இருந்துட்டேன். மயங்கிட்டேன்."

அவர் முகத்தில் இருந்து பெரிய பாரம் இறங்கியது தெரிந்தது. சாய்ந்து உட்கார்ந்தார். "மாதாவே," என்றார். பிறகு, "அப்போ ஒருசந்தி இருந்ததாலதான் இப்படி ஆச்சா? சுகர் இருக்கறவங்க ஒருசந்தி இருக்கணும்னு திருச்சபையே கேக்கலையே. என்கிட்ட சொல்லியிருந்தா நானே தடுத்திருப்பேனே," என்றார்.

அப்படியே விட்டிருக்கலாம். பக்தியால் மயங்கி விழுந்தவள் என்று பள்ளியே என்னை இன்னும் கொண்டாடியிருக்கும். அவர் கண்கள் கலங்கியிருந்தன. அதைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை.

"அது ஒருசந்தி இல்ல சிஸ்டர். உடம்பைக் குறைக்கறதுக்காகச் சாப்பிடாம இருந்தேன். சுகர்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதனால ஒருசந்தின்னு சொன்னேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். கூட்டத்தில் கை தட்டச் சொன்னது அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும்.

"அதுல என்ன வெக்கம்?" என்று கேட்டார் கடைசியில்.

"நான் பி.டி. டீச்சர் சிஸ்டர்."

அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தார். அந்த ஒரு நொடி அவருக்கும் கூச்சமாக இருந்தது. பிறகு போனைத் திருப்பி எடுத்தார். "பேரண்ட்ஸுக்கு நான் மெசேஜ் போடறேன். சுகர்னு போடலாமா? போடலன்னா நம்ப மாட்டாங்க."

குடிகாரி என்ற பெயர் போக வேண்டுமென்றால், நோயாளி என்ற பெயரைப் பள்ளி முழுக்க ஏற்க வேண்டும். "போடுங்க சிஸ்டர்," என்றேன்.

மதியத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அதன்பின் வந்தது அறிவுரை வெள்ளம். ஆசிரியைகள் அறையில் ஒருத்தி பாகற்காய்ச் சாறு என்றாள், இன்னொருத்தி நாவல்கொட்டைப் பொடி என்றாள். வாசலில் காவலாளி எழுந்து நின்று, "மிஸ், ராத்திரியே வெந்தயம் ஊறப்போட்டுருங்க," என்றார். ஏழாம் வகுப்புப் பிள்ளையின் அப்பா பள்ளி விடும் நேரத்தில் கேட்டருகே வந்து இன்சுலின் செடியின் கிளை ஒன்றை ஒரு பையில் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாரும் அன்பாகத்தான் இருந்தார்கள். ஒவ்வொரு அன்புக்கும் என் உடம்பு ஒரு சுற்றுப் பெருத்தது போல எனக்குத் தோன்றியது.

ஒரே ஒரு அம்மா மட்டும், நான் தூணுக்கு மறுபுறம் நிற்பது தெரியாமல், பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "பாவம்தான். ஆனா இந்த உடம்ப வச்சுக்கிட்டு இவங்க நம்ம பிள்ளைங்களுக்கு என்னத்தச் சொல்லித்தருவாங்க?"

நான் அந்தத் தூணை விட்டு நகரவில்லை. அவர்கள் போகும்வரை அங்கேயே நின்றேன். பல வருடங்களாக நான் என்னிடமே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. இன்னொருத்தர் வாயில் இருந்து வரும்போது அதற்கு இவ்வளவு கனம் இருக்கும் என்று தெரியாமல் போயிற்று.

புதன்கிழமை டாக்டரிடம் போனேன். கணவரும் உடன் வந்தார். நடந்ததைக் கேட்டதும் டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"சயின்ஸ் டீச்சர் செய்யற வேலையா இது?"

கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "சயின்ஸா?" என்றார்.

"நான் பி.டி. டீச்சர் டாக்டர்," என்றேன். சுவரில் இருந்த பாதப் படத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. நல்லவேளை. "அப்போ நல்லதாப் போச்சு. உடம்பைப் பழக்கறது உங்களுக்குத் தெரியும். ஒரு பிள்ளைய முதல் நாளே முழு கிரவுண்டும் ஓட விடுவீங்களா?" என்று கேட்டார். மாட்டேன் என்றேன். "உங்களுக்கு மட்டும் ஏன் விட்டீங்க?"

மாத்திரையை மாற்றினார். பட்டினி கூடாது, வேளை தவறாமல் அளவாகச் சாப்பிட வேண்டும். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ, மீதிக் கால் பங்குதான் சோறு. "கேழ்வரகுக் கஞ்சி நல்லதுதானே டாக்டர்?" என்றேன். "கஞ்சியாக் காய்ச்சிச் சொம்பு நிறையக் குடிச்சா அதுவும் மாவுதான். சர்க்கரை விறுவிறுன்னு ஏறும்." எடையை மெல்லத்தான் இறக்க வேண்டும் என்றார். மறுபடி கை நடுங்கினால், வியர்த்தால், யோசிக்காமல் உடனே சர்க்கரையோ ஜூஸோ குடிக்க வேண்டும். நான் தட்டிவிட்ட தம்ளர் நினைவுக்கு வந்தது. சர்க்கரை விஷம், விஷம் என்று அத்தனை நாள் எனக்கு நானே சொல்லிவைத்ததை, மயங்குகிற நேரத்திலும் மூளை விடாமல் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

வியாழக்கிழமை மகள் வந்தாள். பையைக்கூட இறக்காமல் சமையலறைக்கு வந்து, நான் வெங்காயத்தை முடித்துவிட்டு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த பலகையைத் தன் பக்கம் இழுத்தாள்.

"அப்பாவுக்குத் தெரியும். எனக்கு மட்டும் ஏன் சொல்லல?"

"நீ பயப்படுவன்னுதான்."

"பொய் சொல்லாதம்மா."

நான் கத்தியைக் கீழே வைத்தேன். "நீ எல்லார்கிட்டயும் அம்மா ஸ்டேட் பிளேயர்னு சொல்லுவ. அந்த அம்மா இல்ல நான்னு உனக்குத் தெரிய வேணாம்னு பாத்தேன்."

அவள் கொஞ்ச நேரம் பீன்ஸை நறுக்கினாள். கோணல்மாணலாக, பெரிது பெரிதாக. "எனக்குக் கண்ணு தெரியாதாம்மா?" என்றாள். "நான் பொறந்ததுலேருந்து நீ குண்டுதான். நான் பாத்த அம்மாவே இதுதான். ஓடுற அம்மாவ நான் போட்டோவுலதான் பாத்திருக்கேன்." பிறகு, "அந்த வீடியோவப் பாத்துட்டு ராத்திரி முழுக்க, எங்க அம்மா குடிகாரின்னு நினைச்சு அழுதேன். சுகர்னு தெரிஞ்சிருந்தா, போன்லயே யாராவது ஜூஸ் குடுங்கன்னு கத்தியிருப்பேன்ல," என்றாள். வீடியோவைப் பார்த்துக் கத்தினால் யாருக்குக் கேட்கும் என்று அவளுக்கே தெரியும். சொல்லிவிட்டு அவள் அழுதாள். நான் அவள் தோளைத் தொடப் போனேன். வெங்காயம் நறுக்கிய கை என்று தள்ளிவிட்டு, அவளே வந்து கட்டிக்கொண்டாள். அவள் கைகள் என் முதுகைச் சுற்றி முழுதாக எட்டவில்லை. எப்போதும் எட்டியதில்லை. அன்றுதான் நான் அதைக் கவனித்தேன்.

ஈஸ்டர் முடிந்த வாரம் அவளையும் அழைத்துக்கொண்டு தி.நகர் போனேன். அந்தத் தம்ளர்க்காரப் பெண்ணைப் பார்க்க வேண்டும். கரும்புச்சாறு வண்டிக்காரரிடம் விசாரித்ததில், நாலு கடை தள்ளித் தரையில் ஷீட் விரித்துக் கிளிப்பும் ரப்பர் பேண்டும் விற்கிறவள் என்று காட்டினார். முப்பத்தைந்து வயது இருக்கும். என்னை அடையாளம் தெரியவில்லை. சொன்னதும் வாயில் கை வைத்தாள்.

"ஐய, நீயாக்கா அது? டீச்சரா நீ? அன்னிக்கு என்னை இன்னா வார்த்த சொல்லித் திட்டுன தெரியுமா!"

"என்ன சொன்னேன்?"

அவள் மகளைப் பார்த்தாள், சிரித்தாள். "வுடு. பொண்ணு கூட கீது."

என்னைத் தரை விழுங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது. "தெரியாமப் பண்ணிட்டேம்மா. மன்னிச்சுக்கோ. புடவை வேற வீணாப் போச்சு."

"தொவைச்சா போச்சு. எல்லாம் நீ குடிச்சிருக்கேன்னு நின்னு வேடிக்க பாத்துகினு இருந்தானுங்க. என் வூட்டுக்காரன் டெய்லி குடிக்கிறவன்க்கா. அந்த நாத்தம் எனக்குத் தெரியாதா? உன்கிட்ட ஒண்ணுமே வர்ல. வெயில் மயக்கம்னு நெனச்சேன். ரெண்டாவது தம்ளர நீ நல்லாத்தான் குடிச்ச." மகளுக்கு ஒரு கிளிப்பை எடுத்து நீட்டினாள். "உங்கம்மாவ வேளைக்கி சாப்ட வை பாப்பா."

நான் கொண்டுபோயிருந்த புடவையை வாங்கமாட்டேன் என்றாள். வற்புறுத்திக் கொடுத்தேன். திரும்பும்போது மகள், "அம்மா, அப்படி என்னதான் சொல்லியிருப்ப?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே வந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மைதானத்தில் ஆண்கள் அணிகளிடம் கற்றுக்கொண்ட வார்த்தைகள் சில எனக்குத் தெரியும். அவற்றில் எது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

ஜூனில் பள்ளி திறந்தது. முதல் பி.டி. வகுப்பில் பிள்ளைகள் வழக்கத்தைவிட அமைதியாக நின்றார்கள். எல்லாரும் பார்த்திருப்பார்கள். பேசத் தயார் செய்துகொண்டு போன எதுவும் வரவில்லை. "மிஸ்ஸுக்கு சுகர் இருக்கு. உங்களுக்கே தெரியும். நானும் இன்னிலேருந்து உங்களோட கிரவுண்டைச் சுத்தறேன். நடந்துதான். சிரிக்கறவங்க சிரிச்சுக்கலாம்," என்று மட்டும் சொன்னேன். இரண்டு பேர் சிரித்தார்கள். நான் நடந்தேன். ஓடுகிறவர்கள் என்னைக் கடந்து போனார்கள், மறுபடி பின்னாலிருந்து வந்து கடந்தார்கள். ஒவ்வொரு முறையும் உடம்பு கூசியது. வாரங்கள் போகப் போகக் கூச்சம் முழுதாகப் போகவில்லை, ஆனால் பழகிவிட்டது. முழங்கால் வலிக்கிற நாளில் ஓரமாக உட்கார்ந்தேன். அதையும் அவர்கள் பார்த்தார்கள்.

சாப்பாட்டில் பெரிய வித்தை எதுவும் இல்லை. ஆறு இட்லி இரண்டாகி, சாம்பாரில் காய் கூடியது. மதியம் ஒரு கரண்டிச் சோறு, கீரை, அவித்த முட்டை. சாயங்காலம் சுண்டல். வறுத்த மீன், குழம்பு மீனாக மாறியது. ஆசிரியைகள் அறையில் என் டப்பாவையும் நடுவில் வைத்தேன். கேக் வரும்போது வேண்டாம் என்றேன். சில நாள் ஒரு விள்ளல் எடுத்தேன், எடுத்துவிட்டு என்னையே நொந்துகொண்டேன். எடை மெல்ல இறங்கியது, நடுவில் தீபாவளிப் பலகாரத்தில் ஏறியது, மறுபடி இறங்கியது. கால் புண் ஆறியது. சர்க்கரை அளவைப் பார்த்து டாக்டர், "இப்படியே போங்க," என்றார். நான் ஒல்லியாகிவிடவில்லை. இப்போதும் பருத்த பெண்தான், முன்பைவிடக் கொஞ்சம் குறைவாக.

போன மாதம் சாந்தோமில் ஒரு கல்யாண விருந்து. பஃபே வரிசையில் எனக்குப் பின்னால் பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மா நின்றார். முன்பின் தெரியாதவர். என் தட்டில் வெள்ளரியும் தயிர்ப் பச்சடியும் கோழித் துண்டும் நிறைய இருந்தன. பிரியாணி ஒரு ஓரமாகக் கொஞ்சம். அதைப் பார்த்துவிட்டு, வரிசை முழுக்கக் கேட்கும் குரலில் கேட்டார்:

"ஏம்மா, இவ்வளவுதானா? சுகரா?"

முன்னால் இருந்தவர்கள் திரும்பினார்கள். பரிமாறுகிறவர் கரண்டியை நிறுத்தினார். முகம் குப்பென்று சூடானது. பல்வலி என்று சொல்ல நாக்கு தயாராகவே இருந்தது.

"ஆமாம்மா," என்றேன்.

"எவ்வளவு நாளா? என்ன வேலை பாக்குறீங்க?"

"ஸ்கூல்ல பி.டி. டீச்சர்."

அவர் கண் என் இடுப்புக்குப் போய்த் திரும்பியது. நான் பார்த்தேன். அவரும் நான் பார்த்ததைப் பார்த்தார். முகத்தின் சூடு இறங்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய், மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தேன்.